சிவப்பும் கறுப்பும்: குரலுக்காக அச்சான ஒரு புத்தகம்

1

கவிதை என்றால் சொல்தான்; அச்செழுத்து, மை, தாள் எல்லாம் அதற்கு மாட்டிவிட்ட உடுப்பு என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உடுப்பு மாறினால் ஆள் மாறிவிடுவானா என்று கேட்கிறார்கள். உடுப்பைப் பார்த்தே ஆளை எடைபோட்டு, தெருவுக்குள் விடலாமா கூடாதா என்று தீர்மானித்த சமூகத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது வேடிக்கைதான்.

மயாகோவ்ஸ்கியைத் தமிழில் நாம் படித்ததெல்லாம் கறுப்பு மையில், ஒரே அளவு எழுத்தில். 1923இல் பெர்லினில் அச்சான அவருடைய புத்தகம் ஒன்று அப்படி இல்லை. பெயர் 'குரலுக்காக'. கவிதைகள் 13. பக்கங்களைக் கட்டியவர் எல் லிஸ்ஸிட்ஸ்கி. இவரை ஓவியர் என்பதா, கட்டடக் கலைஞர் என்பதா, அச்சுக்காரர் என்பதா என்பது தனி விவாதம். அந்தப் புத்தகத்தை வைத்து, எழுத்தும் நிறமும் வாசிப்பின்மேல் செலுத்தும் அதிகாரத்தைப் பற்றிச் சில விஷயங்களைப் பேசலாம் என்று தோன்றுகிறது.

2

லிஸ்ஸிட்ஸ்கி யூதர். முதல் உலகப்போரின் நடுவே, 1915இல், சாரின் அரசு ஹீப்ரு எழுத்தில் அச்சிடுவதையே தடைசெய்தது. தடை கருத்துக்கு அல்ல, எழுத்துக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கக்கூட அவசியமில்லை, எழுத்தின் உருவமே குற்றம். 1917க்குப் பிறகு அந்த எழுத்துகள் மறுபடி அச்சுக்கு வந்தன. 1919இல் கீவ் நகரில் வெளியான 'ஹட் கட்யா' என்ற பாட்டுப் புத்தகத்துக்கு லிஸ்ஸிட்ஸ்கி படம் வரைந்தார். பாட்டில் வரும் பாத்திரத்துக்குப் படத்தில் என்ன நிறமோ, அதைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே நிறம். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகூட நிறத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் போய்விடலாம்.

ரஷ்ய எழுத்திலும் அதே சமயத்தில் சண்டை நடந்தது. சொல்லின் கடைசியில் ஒலியே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு குறி உட்படச் சில எழுத்துகளை 1917-18 எழுத்துச் சீர்திருத்தம் நீக்கியது. பழக்கதோஷத்தை விடாத அச்சகங்களுக்குள் மாலுமிகள் புகுந்து அந்த ஈய அச்சுகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். நாட்டைவிட்டு வெளியேறியவர்களின் அச்சகங்களோ பிடிவாதமாகப் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டன. ஆக, ஒரு வரியைப் படிக்கும் முன்பே, அச்சடித்தவன் எந்தப் பக்கம் என்று பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். 1923இல் பெர்லின், வெளியேறிய ரஷ்யர்களின் பதிப்பகங்கள் நிறைந்த ஊர். சோவியத் அரசுப் பதிப்பகத்தின் இந்தப் புத்தகம் புதிய எழுத்தில் அச்சானது அதே ஊரில்தான்.

3

புத்தகம் கைக்கு அடக்கமானது. வலது ஓரத்தில், கடைக்காரர்கள் பேரேட்டில் ஓரத்தைப் படிப்படியாக வெட்டிப் பெயர் போட்டு வைப்பார்களே, அதுபோல ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு படி, அதில் தலைப்பின் ஒரு துண்டு, ஒரு குறி. மேடையில் நிற்பவன் பொருளடக்கத்தைத் தேட வேண்டாம், கட்டைவிரலை வைத்தால் கவிதை திறந்துகொள்ளும். 'இடதுசாரி அணிவகுப்பு' 1918இல் பெத்ரோகிராதில் மாலுமிகள் முன்னால் வாசிக்கப்பட்ட கவிதை. எழுத்தறியாமையை ஒழிக்க 1919 டிசம்பரில் தனி ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்த நாடு அது. ஒருவர் படிக்க ஊரே கேட்க வேண்டும் என்பதுதான் அன்றைய வாசிப்பின் நிலை. அதற்குத் தோதாகச் செய்த கருவி இந்தப் புத்தகம்.

படம் வரைந்து பிளாக் எடுக்கும் வேலையே இதில் இல்லை என்று சொல்லலாம். அச்சுப் பெட்டியில் கிடக்கும் எழுத்து, கோடு போடும் தகடு, இவ்வளவுதான் சரக்கு. கடற்படைக் காதல் பற்றிய கவிதைக்கு முன்னால் அந்தத் தகடுகளே கப்பலாக நிற்கின்றன. நிறம் இரண்டே: சிவப்பு, கறுப்பு. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். கறுப்பு ஓடிய தாளை மறுபடி எந்திரத்தில் ஏற்றிச் சிவப்பு ஓட்ட வேண்டும். இரட்டை உழைப்பு. சும்மா அழகுக்காக யாரும் செய்கிற காரியமல்ல.

ஏன் சிவப்பு? கொடியின் நிறம் என்பது சுலபமான பதில். இன்னொன்றும் இருக்கிறது. தேவாலய வழிபாட்டுப் புத்தகங்களில் வாயால் சொல்ல வேண்டியதைக் கறுப்பிலும், எழு, மண்டியிடு என்ற மாதிரிச் செய்ய வேண்டியதைச் சிவப்பிலும் அச்சிடும் மரபு மிகப் பழையது. ரஷ்யத் திருச்சபையிலும் உண்டு. சிவப்பு வந்தால் அது கட்டளை என்று கண் ஏற்கனவே பழகியிருந்தது. திருச்சபை பழக்கிவைத்த கண்ணைப் புரட்சி தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இது விடுதலையா, பழைய கீழ்ப்படிதலின் புதிய பதிப்பா என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

4

இந்தப் புத்தகத்துக்குள் ஒரு முரண் இருக்கிறது. பெயர் 'குரலுக்காக'. ஆனால் அதே 1923இல், குர்ட் ஷ்விட்டர்ஸ் நடத்திய 'மெர்ட்ஸ்' இதழில் லிஸ்ஸிட்ஸ்கி எழுதிய குறிப்புகள், அச்சிட்ட சொல் காதால் அல்ல கண்ணால் கொள்ளப்படுவது என்றே தொடங்குகின்றன. கவிஞன் குரல் என்கிறான், அச்சுக்காரன் கண் என்கிறான். தன் பக்கங்கள் வயலினுக்கு வாசிக்கும் பியானோ போன்றவை என்று லிஸ்ஸிட்ஸ்கி சொன்னதுண்டு. பக்கவாத்தியம் சும்மா பின்னால் வந்துகொண்டிருப்பதில்லை, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்று பாடுகிறவரையே இழுக்கும். பெரிய எழுத்து உரக்கச் சொல்லவைக்கிறது, வெற்றிடம் மூச்சு வாங்கவைக்கிறது. சொல் அதேதான். வாசிக்கும் உடம்பு வேறாகிவிடுகிறது.

அதிகாரத்துக்கு இது தெரியாமலில்லை. மயாகோவ்ஸ்கியின் '150,000,000' 1921இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. எழுதியவர்கள் பதினைந்து கோடி மக்கள் என்பது பாவனை. அதை 5000 பிரதி போட்டதற்காக லெனின் லுனாச்சார்ஸ்கியைக் கடிந்துகொண்டார். 1500 போதும் என்பது அவர் கணக்கு. 1930இல் கவிஞன் தற்கொலை செய்துகொண்டான். 1935இல் ஸ்டாலின் அவனைச் சோவியத் யுகத்தின் மிகச் சிறந்த கவிஞன் என்று அறிவித்தார். பிறகு 1955-61இல் 13 தொகுதிகளில் முழுப் படைப்புகள். படிக்கட்டுபோல் இறங்கும் வரிகள் தப்பின. சிவப்பு போயிற்று, ஓரப் படிகள் போயின, கப்பல் போயிற்று. ஒரு வரியைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. மேடையில் நின்றவனை அலமாரிக்குள் வைக்க ஒரே அளவு எழுத்து போதுமானதாக இருந்தது.

5

எழுத்தின் உருவம் அரசியல் என்பது நமக்குப் புதிதல்ல. 1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவந்த பெரியார், 1935இல் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அது அரசாணையாக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒரு இதழைப் பிரித்ததுமே, லைகாரம் எப்படிப் போட்டிருக்கிறது என்பதை வைத்து ஆள் எந்தப் பக்கம் என்று ஊகித்தவர்கள் இருந்தார்கள். இவ்வளவு தெரிந்த நாம், கவிதை என்று வந்ததும் எழுத்தின் அளவையும் ஓரத்தின் அகலத்தையும் அச்சகத்தின் தலையில் கட்டிவிட்டு அட்டைப்படத்துக்கு மட்டும் சண்டை போடுகிறோம்.

'குரலுக்காக' புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தவர் ஜெர்மானியர். ரஷ்ய மொழி ஒரு வார்த்தை தெரியாது. லிஸ்ஸிட்ஸ்கி பக்கம் பக்கமாக வரைந்து கொடுத்த மாதிரியைப் பார்த்துத்தான் கோத்தார். முதலில் இவர்களுக்குப் பைத்தியம் என்று நினைத்த அச்சகத்தார், வேலை நடக்க நடக்க, இதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள் என்று லிஸ்ஸிட்ஸ்கி பின்னாளில் நினைவுகூர்ந்தார். மொழி தெரியாத ஒரு தொழிலாளியைப் பக்கத்தின் உருவம் கவிதையின் வாசல்வரை கூட்டிவந்துவிட்டது. இதைவிட ஒரு விமர்சனம் கவிதைக்கு வேண்டுமா?

நம்முடைய தொகுப்பைக் கணினியில் கோக்கிற பெண், "இந்த வரி ஏங்க இங்க உடையுது?" என்று கேட்டால், சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?