கடல் கடந்து சேர்த்த காணி

பிடோக்கில் பதிவான நமது கருத்தரங்கில் நேயர்கள் பலரும் கேட்ட கேள்வி இது: "வெளிநாட்டில் கொஞ்சம் விளைநிலமோ தேக்குத் தோட்டமோ வாங்கிப் போடலாமா?"

ஆசையில் தவறில்லை. நாம் குடியிருக்கும் வீவக வீடு 99 ஆண்டு குத்தகைக்கு உரியது. சொந்த மண் வேண்டும் என்று மனம் கேட்கத்தான் செய்யும். ஆனால் கையெழுத்துப் போடும் முன், நம்மவர்கள் பர்மாவில் நிலம் சேர்த்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமே.

கீழ் பர்மா 1852ல் பிரிட்டிஷார் வசமானது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காடுகளும் சதுப்பு நிலங்களும் கழனிகளாக மாறின. காடு திருத்தவும் மாடு வாங்கவும் விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. பெரிய வங்கிகள் கிராமத்துக்குள் கால் வைக்கவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வைத்தார்கள். நம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கடை போட்டு லேவாதேவி நடத்திய அதே சமூகத்தினர்தான். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது.

அவர்களுடைய தொழில் வட்டிக்குக் கொடுப்பது. நிலம் வெறும் ஈடு. நிலத்தில் பணம் முடங்கினால் அடுத்த கடன் கொடுக்க முடியாது. ஆனால் 1930ல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் வசம் இருந்தது 6 விழுக்காடு, சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். 1938ல் அது 25 விழுக்காடு, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர்!

காகிதத்தில் பெரும் சொத்து. களத்திலோ, தன் தகப்பன் திருத்திய வயலில் குத்தகைக்கு உழுத பர்மியரின் மனக்கசப்பு. வாங்க ஆளில்லாததால் அந்த நிலத்தை விற்றுக் கரையேறவும் வழியில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். செட்டியார்கள் பணம் கொடுத்தபோது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாநிலம். 1937ல் அது தனியாகப் பிரிந்தது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்த இடம் வெளிநாடாகிவிட்டது. 1942ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடிக்க, ஏராளமான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பினர். 1948ல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டு வந்தது. எதிர்பார்த்த நட்டஈடு பெரும்பாலோர் கைக்கு வரவே இல்லை.

தங்கத்தை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடலாம். வயலை முடிந்துகொண்டு ஓட முடியுமா?

பிற்காலத்தில் வேறு விதமாகவும் பணம் போனது. 1990களில் தமிழ்நாட்டில் தேக்கு மரத் திட்டங்களில் பலர் சேமிப்பைப் போட்டார்கள். அவற்றில் பெயர்பெற்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998ல் சரிந்தது. மரம் வளரும் வேகம் விளம்பரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

ஆகவே நேயர்களே, மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். அந்நாட்டுச் சட்டம் நம் பெயரில் பட்டா தருமா? இந்தியாவில்கூட, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விளைநிலத்தையோ தோட்டத்தையோ பொதுவாக விலைக்கு வாங்க முடியாது. வாரிசு உரிமையில் பெறலாம். இரண்டாவது, விற்க நினைக்கும் நாளில் வாங்க யார் இருப்பார்கள்? மூன்றாவது, இன்று அந்த மண்ணை உழுபவர் யார், அவருக்கு அதில் என்ன பங்கு?

மூன்றாவது கேள்வியை விற்பனையாளர் எவரும் தாமாக எழுப்ப மாட்டார். பர்மாவின் கழனிகளில் கடைசியில் வென்றது அந்தக் கேள்விதான்.