ஆர்ப்பாநெட்டில் பாதைத் தெரிவின் வரலாறு

ஓர் இலக்கை அடையப் பல பாதைகள் இருக்கும்போது, அவற்றுள் எதன் வழியே பொதியை அனுப்புவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் எனப்படும் திசைவியின் பணியாகும். ஒவ்வோர் இணைப்புக்கும் 'செலவு' என்ற எண் தரப்படுகிறது. மொத்தச் செலவு குறைந்த பாதையே தெரிவாகிறது. அந்த எண் எதை அளக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடை தேடியது.

முதல் முறை

ஆர்ப்பாநெட் 1969 இல் அமெரிக்காவில் தொடங்கியது. பொதிகளை வழிப்படுத்த, ஐஎம்பி எனப்பட்ட சிறு கணினிகளை போல்ட் பெரனெக் அண்ட் நியூமன் நிறுவனம் அமைத்தது. ஒவ்வொரு கணுவும் ஒவ்வோர் இலக்கையும் அடைய ஆகும் நேரத்தை மதிப்பிட்டு, அப்பட்டியலை ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் அண்டைக் கணுக்களுக்கு அனுப்பியது. இது பெல்மன்-போர்டு படிமுறையின் ஒரு வடிவமாகும். அந்தக் கணத்தில் வரிசையில் காத்திருந்த பொதிகளின் எண்ணிக்கையே அளவுகோலாக இருந்தது. அது நொடிக்கு நொடி மாறியது. பழைய தகவல் கணுக்களிடையே சுற்றிவந்தது. இதனால் பொதிகள் சில வேளைகளில் இலக்கை அடையாமல் வட்டமடித்தன.

1979 மாற்றம்

ஜான் மெக்குயிலன், ஐரா ரிச்சர், எரிக் ரோசன் ஆகியோர் விவரித்த புதிய முறை 1979 இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் தாமதத்தைப் பத்து நொடிச் சராசரியாக அளந்து, எல்லாக் கணுக்களுக்கும் அறிவித்தது. அதனால் முழு வலையமைப்பின் வரைபடமும் ஒவ்வொரு கணுவிடமும் இருந்தது. டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட படிமுறையைக் கொண்டு அவை குறும்பாதையைக் கணித்தன.

நெரிசல் மிகுந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. இரு பகுதிகளை இரண்டு இணைப்புகள் மட்டுமே இணைப்பதாகக் கொள்வோம். முதல் இணைப்பில் தாமதம் கூடியதும், எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் இரண்டாவதற்கு மாறின. அடுத்த அளவீட்டில் இரண்டாவது நெரிந்தது, முதலாவது வெறுமையானது. உடனே அனைத்தும் திரும்பின. அளவீடு சரியாகவே இருந்தது. எல்லோரும் ஒருசேர அதன்படி நடந்ததே அதைப் பொய்யாக்கியது.

1987 திருத்தம்

அதுல் கன்னா, ஜான் சிங்கி ஆகியோர் விவரித்த திருத்தம் 1987 இல் நிறுவப்பட்டது. படிமுறை மாறவில்லை, செலவு எண் மட்டுமே மாறியது. நெரிசலான இணைப்பின் செலவு, அது வெறுமையாக இருக்கும்போதைய செலவைப் போல் மூன்று மடங்கைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் அது மாறக்கூடிய அளவுக்கும் வரம்பு இருந்தது. இதனால் போக்குவரத்து மொத்தமாகத் தாவாமல், பகுதி பகுதியாக நகர்ந்தது.

பிற்கால நெறிமுறைகள்

பின்வந்த பரவலான நெறிமுறைகள் நெரிசலை அளப்பதையே தவிர்த்தன. 1988 இல் ஆவணப்படுத்தப்பட்ட ரிப் நெறிமுறை, இடையிலுள்ள தாவல்களை மட்டும் எண்ணியது. 16 என்றால் அடைய முடியாத இலக்கு. 1989 இல் வெளியான ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் வலையமைப்பு நிர்வாகியே செலவை நிர்ணயிக்கிறார். செலவு சமமான பாதைகள் பல இருந்தால், அவற்றிடையே போக்குவரத்தைப் பகிரவும் அது இடமளிக்கிறது.

அவ்வாறு பகிரும்போது, இன்றைய திசைவிகள் பொதுவாக அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் துறை எண்களையும் கொண்டு ஒரு கணக்கீடு செய்து பாதையைத் தெரிவு செய்கின்றன. எனவே ஒரே உரையாடலின் பொதிகள் ஒரே பாதையில் செல்கின்றன. வெவ்வேறு பாதைகளில் சென்றால் அவை வரிசை மாறி வந்து சேரலாம். டிசிபி நெறிமுறை அதைப் பொதி இழப்பாகக் கருதி வேகத்தைக் குறைத்துவிடக்கூடும்.