பாண்டியர் கல்வெட்டுகளில் நாள் கணக்கு

மதுரை ஒத்தக்கடைக்கு அருகே யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி எடுப்பித்தது. அதன் வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்தில் 3871 ஆண்டுகள் கழிந்தபின் கார்த்திகை மாதத்து ரேவதி நாளில் பிரதிஷ்டை நடந்ததாகச் சொல்கிறது. 3871இல் 3101 போனால் கி.பி. 770. 'கழிந்த' என்ற சொல்லைக் கவனிக்காமல், அது நடப்பு ஆண்டு என்று கொண்டால் விடை 769 ஆகிவிடும். நாள் கணக்கில் பெரும்பாலான பிழைகள் இப்படித்தான் வருகின்றன. எண்ணத் தொடங்கும் இடம்தான் சறுக்குகிறது.

இத்தனை தெளிவான ஆண்டு கிடைப்பது அரிது. ஐவர்மலைக் கல்வெட்டு சக ஆண்டு 792ஐ வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டோடு இணைத்துச் சொல்வதால், அவன் பட்டமேறியது 862 என்று தெரிகிறது. பெரும்பாலான கல்வெட்டுகள் ஆட்சியாண்டோடு நின்றுவிடும். அதுவும் சில சமயம் 'இரண்டாவதின் எதிர் பதினோராவது' என்று வரும். இரண்டையும் கூட்டிப் பதின்மூன்று என்று கொள்ள வேண்டும். போதாததற்கு, சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்களும் சுந்தரன், வீரன், குலசேகரன் என்ற பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே காலத்தில் பலர் ஆண்டதும் உண்டு.

பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தது ஆய்வாளர்களின் அதிர்ஷ்டம். ஒரு மாதத்துக்குள் திதியும் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒன்றையொன்று பின்தொடர்பவை. கிழமை மட்டும் தன்போக்கில் போவது. ஆகவே உண்மையான சோதனை கிழமைதான். கலியின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஆரியபட வழியில் ஓர் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31¼ விநாடி. கழிந்த ஆண்டுகளை இதனால் பெருக்கி, நடப்பு ஆண்டில் கடந்த நாட்களையும் கூட்டி, ஏழால் வகுத்தால் மீதி கிழமையைக் காட்டும். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்து மாதத்தின் முதல் நாள் ஒருநாள் தள்ளிப்போகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் கல்வெட்டு ஆய்வாளர் கீல்ஹார்ன் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியனின் தொடக்கத்தை 1251 என நிறுவினார். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் 'இந்தியன் குரோனாலஜி'யையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரையான நாட்களுக்கு அட்டவணைகளையும் வெளியிட்டார். அதன்பின் கல்வெட்டாளர் ஒவ்வொரு நாளையும் தாமே கணக்கிட வேண்டியிருக்கவில்லை. அட்டவணையைப் புரட்டினால் போதும்.

இன்றைய கணினிகளில் பெரும்பாலானவையும் ஒரு தொடக்க நாளிலிருந்தே எண்ணுகின்றன. அங்கே கலிக்குப் பதில் 1970 ஜனவரி 1. நாட்களுக்குப் பதில் விநாடிகள், அதுவும் 24 நொடி கொண்ட பழைய விநாடி அல்ல. ஏழால் வகுத்துக் கிழமை காண்பது அப்படியே இருக்கிறது. தொடக்கம் மட்டும் வியாழக்கிழமை.