நோய்க் காலத்தில் பூட்டிய மன்றம்

கொள்ளை நோய் பரவுங்கால் அரசாங்கம் விரைந்து செயலாற்ற வேண்டுமென்பதை எவரும் மறுக்கார். அவ்விரைவுக்காக மக்கள் பிரதிநிதிகளின் வாயையும் அடைக்க வேண்டுமா என்பதே நாம் கேட்பது. கோவிட்-19 நோய் கண்ட மலேசியாவின் சரித்திரம் இதற்கு விடை பகர்கின்றது.

2020 மே 18-இல் பாராளுமன்றம் ஒரே நாள் கூடி, மாமன்னர் உரையைக் கேட்டுக் கலைந்தது. செப்டம்பர் 26-இல் நடந்த சபாத் தேர்தலுக்குப்பின் நோய் பெருகியது உண்மை; தேர்தலே ஆபத்தென்போர்க்கு அது நல்ல சாட்சியாயிற்று. அக்டோபரில் பிரதமர் முகிதீன் யாசின் அவசரநிலை கோரியபோது மாமன்னர் இணங்கவில்லை. 2021 ஜனவரி 12-இல் இணங்கினார். பிரதமரின் பெரும்பான்மையோ அப்போது நூலிழையில் ஆடிக்கொண்டிருந்தது. பாராளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் பூட்டப்பட்டன, தேர்தல்கள் நின்றன.

தோட்டம் நின்றதா? இல்லை. அது அத்தியாவசியத் துறையாம்! விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடலாம். 222 அங்கத்தினரை ஒரு மண்டபத்தில் கூட்டிக் கணக்குக் கேட்டல் மட்டும் ஆகாது. தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இந்த நியாயம் விளங்கவேயில்லை. தென்கொரியர் 2020 ஏப்ரல் 15-இல், வாக்காளரின் உடற்சூட்டைச் சோதித்து, கையுறை கொடுத்து, 66 சதவீதத்தினர் வாக்களிக்கப் பொதுத்தேர்தலையே நடத்தி முடித்தனரே!

பூட்டியதால் நோய் அடங்கிற்றா? தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 3,300 பேருக்குக் கண்ட நோய், ஜூலை இறுதியில் 17,000 பேருக்குமேல் கண்டது. ஜூலை 26-இல் மன்றம் திறந்ததும், அவசரநிலைக் கட்டளைகள் ஐந்து நாள் முன்பே ரத்தாயினவென்று சட்ட அமைச்சர் அறிவித்தார். தம் இசைவு பெறப்படவில்லையென்று 29-ஆம் தேதி மாமன்னர் அரண்மனை வழியே தெரிவித்தார். ஆகஸ்ட் 16-இல் முகிதீன் பதவி துறந்தார்.

நன்மையும் விளைந்ததென்பர் சிலர். அது மெய்யே. நெரிசலான இருப்பிடங்களிலிருந்து ஆட்களை மாற்றும்படி முதலாளிகளைப் பணிக்கும் அதிகாரத்தை, 2021 பிப்ரவரியில் ஒரு கட்டளை தொழில் இலாகாத் தலைவருக்கு அளித்தது. லயத்து நெரிசலை நம் பாட்டன்மார் அறிவர். இன்று தோட்டக் குடியிருப்புகளில் உறங்குவோரில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் மிகப் பலர். அவர்களுக்கு இக்கட்டளை தேவைதான். ஆயினும் அதைப் பாராளுமன்றம் வாதித்து நிறைவேற்றவில்லை. அரசியல் சட்டத்தின் 150-ஆம் பிரிவுப்படி, அவசரநிலை ஓய்ந்தபின் அதன் கட்டளைகளுக்கு ஆறு மாதத்துக்குமேல் உயிரில்லை. அவசரநிலை ஓய்ந்ததோ 2021 ஆகஸ்ட் 1-இல்.