சம்மதச் செய்தியின் சரித்திரம்

ஒருவர் சொன்ன சொல்லை மற்றொருவரிடம் சேர்ப்பது எளிய காரியம் போலத் தோன்றும். மொழிபெயர்ப்புத் தொழிலில் காலங்கழித்துவரும் நாம் அது எளிதன்று என்பதை நன்கறிவோம். சொல் போய்ச் சேர்வது ஒன்று. கேட்டவர் அதன்படி நடப்பது வேறொன்று. இணையத்தளத்தைத் திறந்தவுடன் ‘குக்கிகளை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?’ என்ற கேள்வி எழுகிறதன்றோ? அதற்கு நாம் தரும் விடை யாரிடம் செல்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

1994-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பவர் குக்கியை வகுத்தார். வந்தவரை மறுமுறை அடையாளங்காணும் பொருட்டு, தளமானது அவருடைய கணினியிலேயே எழுதிவைக்கும் சிறு குறிப்பே அது. ஆனால், பக்கத்தில் இடம்பெறும் விளம்பர நிறுவனங்களும் தத்தம் குறிப்புகளை எழுதலாயின. பல தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தமையால், ஒருவர் எங்கெங்கே சென்றார் என்பதை அந்நிறுவனம் அறிந்துகொண்டது. இத்தகைய மூன்றாம் தரப்பாரின் குக்கிகளை உலாவிகள் இயல்பாக அனுமதிக்கலாகாதென 1997-இல் வெளியான தொழில்நுட்ப விதி கூறிற்று. முக்கிய உலாவிகள் அதனைப் பின்பற்றவில்லை.

பின்னர், ‘பின்தொடராதீர்’ என்னும் முறை பிறந்தது. பக்கத்தைக் கேட்டு உலாவி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளோடும் ‘1’ என்ற இலக்கம் செல்லும். அதுவே மறுப்பின் அடையாளம். 2011-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதற்கெனக் குழு அமைத்தது. அடையாளத்தைப் பெற்றவரின் கடமை யாதென்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. 2019 ஜனவரியில் குழு முடிவுற்றது. செய்தி சென்றது, ஏற்பார் அரிதாயினர்.

2018 மே 25 முதல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய மாதமே விளம்பரத் துறையின் சங்கமாகிய ஐ.ஏ.பி. ஐரோப்பா ஓர் ஏற்பாட்டை வெளியிட்டது. அதில் சேர்ந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வரிசை எண் உண்டு. நம் விடை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவையாக மாற்றப்படுகிறது. எந்த நோக்கத்துக்குச் சம்மதம், எந்த நிறுவனத்துக்குச் சம்மதம் என்பவை அதனுள் ஒன்று, சுழி என்னும் இலக்கங்களாய் அடங்கியுள்ளன. விளம்பர இடம் நொடிப்பொழுதில் ஏலம் விடப்படுகையில், இக்கோவையும் உடன் செல்கிறது. நிறுவனம் தன் எண்ணுக்குரிய இடத்தைப் பார்க்கிறது: ஒன்றெனில் சம்மதம், சுழியெனில் சம்மதமில்லை. விந்தை யாதெனில், மறுப்பை நினைவில் வைப்பதற்கும் பெரும்பாலும் ஒரு குக்கியே பயன்படுகிறது!

இக்கோவை செய்தியைச் சுமக்குமேயன்றி யாரையும் தடுக்கும் வல்லமை உடையதன்று. சுழியைக் கண்டவர் விலகுதல் அவரவர் நேர்மையையும் சட்டத்தின் கண்காணிப்பையும் பொறுத்தது. 2022 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அச்சங்கத்துக்கு 2,50,000 யூரோ அபராதம் விதித்தது. ஐ.பி. முகவரி போன்ற அடையாளத்தோடு இணைக்கக்கூடுமாயின், அக்கோவையே தனிநபர் தகவலாகும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச் 7-இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலோ, உலாவி அனுப்பும் மறுப்பு அடையாளத்தை மதியாமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின்பேரில், செஃபோரா நிறுவனம் 2022-இல் 12 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அடையாளத்துக்குப் பின்னே சட்டம் நின்றபோதுதான் அதற்கு மதிப்பு உண்டாயிற்று.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு நன்மைகளைக் கூறுகிறது. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழர் தமிழிலேயே படித்துத் தெளியலாம். சம்மதம் திரும்பப் பெறப்பட்டால், தகவலைப் பெற்றவர் தாம் நிறுத்துவதோடு, தமக்காக அதனைக் கையாளுவோரையும் நிறுத்தச் செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

ஆகவே, அக்கேள்வி தோன்றும்போது, அவசரத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டு அப்பால் செல்லாதிருப்போம். அச்சொல் நம் முன்னுள்ள தளத்தோடு நிற்பதன்று. பெயரறியாத பல நிறுவனங்களுக்கும் அது நம் பெயரால் செல்கிறது.