சாராயக் குத்தகையும் ஒரு மாளிகையும்

கோலாலம்பூர் மேடான் துவாங்கு வீதியில் லோக் மாளிகை எனப் பெயர் பெற்ற பழங்கட்டடமொன்று நிற்கின்றது. ஒல்லாந்தர் பாணியில் வளைந்த முகப்பும் சீனர்க்குரிய வட்டவாயிலும் ஒருங்கே அமைந்த வீடு அது. சௌ ஆ இயோக் என்னும் சீனத் தலைவருக்கு உரியதாயிருந்த பழைய மனையை லோக் யூ என்பவர் 1892ஆம் ஆண்டளவில் விலைக்கு வாங்கி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை நடத்தி, 1904இல் இன்றைய உருவில் முடித்தார். நகரில் மின்விளக்கு எரிந்த முதல் தனியார் இல்லம் அதுவே என்பர். அம்மாளிகையைப் பற்றி எழுதுவோரெல்லாம் இவ்விளக்கைச் சொல்ல மறப்பதில்லை. விளக்கு எரிந்தது சரி. அதற்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

லோக் யூவின் இளமை, நம் தோட்டத்து மக்களுடைய பாட்டன் பூட்டன் கதைக்கு அதிகத் தூரமில்லை. சீன நாட்டுக் குவாங்துங் மாகாணத்தில் ஏழைக் குடியிற் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, லோக் குடும்பத்தாரிடம் வேலைக்காரச் சிறுவனாக வளர்ந்தமையால் அவர்கள் குடிப்பெயரையே பூண்டவர். 1858இல், பதின்மூன்று வயதளவில், கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். மளிகைக் கடையொன்றில் வேலை பார்த்து, நான்கு ஆண்டுகளில் 99 வெள்ளி சேர்த்துத் தனிக்கடை வைத்தார். பின்னர்ப் பேராக்கிலுள்ள லாரூட் சென்று ஈயச் சுரங்கத்திற் பணத்தைப் போட்டார், இழந்தார். 1875இல் தொடங்கிய பேராக் போரில் ஆங்கிலத் துருப்புகளுக்கு உணவுப் பொருள் வழங்கி மீண்டும் எழுந்தார். ஈய விலையும் ஏறிற்று. அதன்பின் சிலாங்கூரில் கால் வைத்தார்.

இங்கேதான் குத்தகை வருகிறது. அந்நாளில் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் வரியைச் சர்க்கார் நேரில் தண்டவில்லை. தண்டும் உரிமையைச் சில ஆண்டுகளுக்கென்று பணம் படைத்தோரிடம் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் மாதந்தோறும் குறித்த தொகையைக் கஜானாவிற் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் எவ்வளவு தண்டினாலும் அவருக்கே. சம்சு என்னும் அரிசிச் சாராயத்தைக் காய்ச்சவும் விற்கவும் அவர் தயவு வேண்டும். கள்ளத்தனமாகக் காய்ச்சுவோரைப் பிடிக்க அவரே காவலாட்களை வைத்துக்கொள்வார். நம் தாய்நாட்டுச் சாராயக் கடை ஏலத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. சர்க்காருக்குச் செலவில்லாத வருமானம். குத்தகைதாரருக்கோ, குடிப்பவன் எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு இலாபம்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஈயச் சுரங்க முதலாளிகள் தம் கூலிகளுக்கு அரிசியையும் அபினையும் சாராயத்தையும் கடனாகத் தந்து, கணக்கு முடிக்கும் நாளிற் கூலியிற் பிடித்துக்கொள்வது வழக்கம். லோக் யூ சுரங்க முதலாளி, குத்தகைதாரரும் அவரே. இடக்கையாற் கொடுத்த கூலி வலக்கைக்குத் திரும்பி வந்தது. ஆண்டு முழுவதும் சேற்றில் நின்ற கூலிக்குச் சில சமயம் கடன் மட்டுமே மிஞ்சிற்று. ஈய விலை விழுந்தாலும் முதலாளி விழாமல் நின்றதற்குக் குத்தகையே தூணாயிருந்தது என்பது நம் கருத்து.

கிள்ளான் வாசகர்களுக்கு வரிக்குத்தகையைப் பற்றி இன்னொரு செய்தி. 1866இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, வரி தண்டும் உரிமையைச் சிங்கப்பூர் வணிகராகிய ரீட் என்ற ஆங்கிலேயருக்கும் டான் கிம் சிங் என்ற சீனருக்கும் குத்தகைக்கு விட்டார். அபினுக்குரிய 100 வெள்ளி வரியைக் கட்ட ராஜா மஹ்தி மறுத்தார். அரச குலத்தானிடமே வரியா என்பது அவர் வாதம். அந்த 100 வெள்ளியில் மூண்ட பகை 1867 முதல் 1874 வரை கிள்ளான் போராய்ச் சிலாங்கூரையே எரித்தது. ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய ஈயக்கிடங்கு கிள்ளானில் நிலைத்து நின்று, பிற்காலத்தில் ஈயக் காட்சிசாலையாகவும் ஆயிற்று.

லோக் யூவைத் தூற்றுவது நம் நோக்கமன்று. கோலாலம்பூரில் விக்டோரியா கல்விச்சாலை 1893இல் எழுந்தபோது முன்னின்று உதவியவர்களுள் அவரும் ஒருவர். ஹாங்காங் சர்வகலாசாலைக்கு ஐந்து இலட்சம் வெள்ளியை வட்டியில்லாமற் கடன் கொடுத்தார். அது 1917 ஜனவரியில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மறுமாதமே அவர் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். பினாங்கிலும் இத்தகையவர் ஒருவர் இருந்தார். சியோங் ஃபாட் சே என்ற அச்சீனரும் ஏழையாய் வந்து, ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவில் அபின், மதுக் குத்தகைகளால் உயர்ந்தவரே. 1892இல் சீனத்துச் சீஃபூ நகரில் திராட்சை மது ஆலை நிறுவியவரும் அவர்தாம். அவருடைய நீலநிற மாளிகை இன்று விடுதியாகவும் காட்சி இல்லமாகவும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பாதுகாப்பு விருதையும் பெற்றது. லோக் மாளிகையோ ஜப்பானியர் கையிற் சிக்கி மீண்டு, பழம்பொருள் விற்கும் இடமாயிருந்து, இந்நூற்றாண்டில் வழக்கறிஞர் நிறுவனமொன்றின் அலுவலகமாயிற்று.

1912ஆம் ஆண்டு முடிவோடு மலாய் ஐக்கிய நாடுகளிற் சூதாட்டக் குத்தகை ஒழிந்தது. அபின் குத்தகை அதற்கு முன்பே ஒழிந்து, விற்பனையைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. கை மாறிற்று, பண்டம் மாறவில்லை.

சீனக் கூலிக்கு அபினும் சம்சுவும் எவ்வாறோ, தமிழ்க் கூலிக்குக் கள் அவ்வாறாயிற்று. ரப்பர்த் தோட்டம் எங்கெல்லாம் எழுந்ததோ அங்கெல்லாம் லயத்துக்கு நடைதூரத்தில் கள்ளுக்கடை எழுந்தது. பள்ளிக்கூடம் இல்லாத தோட்டம் உண்டு. கள்ளுக்கடை இல்லாத தோட்டத்தைத் தேடத்தான் வேண்டும். அக்கடையின் இலாபம் தொழிலாளர் நலத்துக்கே செலவாகும் என்று சமாதானம் கூறினர். தகப்பன் குடித்த காசில் பிள்ளைக்குப் பந்து வாங்கித் தருவதை நலம் என்றால் அது நலந்தான்! கள்ளை நிறுத்தினால் சம்சுவைத் தேடுவார்கள் என்ற இன்னொரு வாதமும் இருந்தது. இவ்வாதத்தை முற்றும் பொய்யென்று தள்ள முடியாது. பிற்காலத்தில் மலிவுச் சம்சு தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்தது. ஆனால் குடியன்றி வேறு பொழுதுபோக்கே இல்லாத வாழ்வை அமைத்துவிட்டு, எந்தக் குடி மேல் என்று வாதிடுவது யாருக்காக?

தொழிலாளர் தாமே இதற்கு விடை சொன்னார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. பத்திரிகைத் துறையிலிருந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, ஒழுங்கான மருத்துவம் ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்பது மற்றொன்று. கூலி உயர்வு கேட்பவன் தன் கூலி போகும் வழியையும் அடைக்கச் சொன்னான் என்பதை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். மே மாதம் நாதன் கைதானார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலை மீண்டும் எடுத்தனர்; 1947இல் பீடோங்கில் போலீசாருடன் மோதல் மூண்டு அங்கும் உயிர்ப்பலி நேர்ந்தது.

மாளிகை நிற்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் உறுதியானவை. வாரிசும் வக்கீலும் இருந்தால் மேலும் உறுதி. 1881இன் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு கோலாலம்பூரைச் செங்கல்லாற் கட்டச் சூளைகள் எழுந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கு ரயில்வேயிலும் சர்க்கார் உத்தியோகத்திலும் இருந்த நம்மவர் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த நூறு வீடுகள் இன்று இல்லை. லயங்களும் பல இடங்களில் இல்லை. ஆனால் 1941ஐ நேரிற் கண்டோரின் பிள்ளைகளும் பேரர்களும் கிள்ளானிலும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இருக்கின்றனர். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பழைய சம்பளச் சீட்டோ, செக்ரோல் தாளோ, சங்கத்து ரசீதோ, மங்கிய புகைப்படமோ கிடந்தால், வீடு மாறும்போது குப்பையில் எறியாமல், அதன் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.