எடை குறைந்து பிறந்த குழந்தை: எந்த நிபுணரை, எப்போது பார்ப்பது?

பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது மருத்துவமனை கொடுக்கும் தாளில் சில குழந்தைகளுக்கு 'எஸ்.ஜி.ஏ.' என்று எழுதியிருக்கும். கருவில் இருந்த வாரங்களுக்கு ஏற்ற எடையோ நீளமோ இல்லாமல் அந்தக் குழந்தை பிறந்திருக்கிறது என்பது அதன் பொருள். பெற்றோர் பலர் இந்த மூன்று எழுத்துகளைக் கவனிப்பதில்லை. கவனித்துக் கேட்டாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நம்ம பிள்ளைங்க சின்னதாத்தான் பிறக்கும், போகப் போகத் தேறிடும்."

பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சரியான பதில்தான். இப்படிப் பிறப்பவர்களில் சுமார் 85 முதல் 90 விழுக்காட்டினர் இரண்டு வயதுக்குள் மற்ற குழந்தைகளின் வளர்ச்சியை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எஞ்சியிருக்கும் பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் அந்தப் பதில் ஆபத்தாகிறது. "தேறிடும்" என்று காத்திருந்து, பள்ளியில் வரிசையில் நிற்கும்போதுதான் உயர வித்தியாசம் கண்ணில் படுகிறது. அதற்குள் நான்கைந்து ஆண்டுகள் போய்விடுகின்றன.

அந்த ஒரு குழந்தை யார் என்பதை நேரத்தோடு கண்டறிந்து, சரியான நிபுணரிடம் சேர்ப்பதற்கான வழிகாட்டி இது.

எடையோடு வாரத்தையும் பார்க்க வேண்டும்

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'எடை குறைந்த குழந்தை' என்கிறார்கள். எஸ்.ஜி.ஏ. என்பது அதிலிருந்து வேறுபட்டது. 34 வாரத்தில் 2.2 கிலோ எடையோடு பிறந்த குழந்தை குறைமாதக் குழந்தை. ஆனால், அந்த வாரத்துக்கு அது சரியான எடை. 40 வாரம் நிறைந்து 2.4 கிலோ எடையோடு பிறந்த குழந்தை முன்னதைவிடக் கனமாக இருந்தாலும் எஸ்.ஜி.ஏ. வகையைச் சேர்ந்தது.

அதே வாரத்தில் பிறந்த, அதே பாலினக் குழந்தைகள் நூறு பேரை எடை வாரியாக நிறுத்தினால், கடைசிப் பத்து இடங்களுக்குள் வருவதை எஸ்.ஜி.ஏ. என்பது பொதுவான வழக்கம். வளர்ச்சியைக் கண்காணிக்கும் ஹார்மோன் நிபுணர்கள் இன்னும் கடுமையான கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். எடையோ நீளமோ சராசரியிலிருந்து இரண்டு படி கீழே, அதாவது நூற்றில் கடைசி இரண்டு மூன்று பேருக்குள், இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

காரணங்கள் பல. தாய்க்கு உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி வழியே போதிய ரத்தம் செல்லாமை, கருவில் ஏற்பட்ட தொற்று, புகையிலை, மரபணுக் கோளாறு என ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். பெற்றோர் இருவரும் சிறிய உடல்வாகு உள்ளவர்களாக இருந்து, குழந்தையும் நலமாகச் சிறியதாகப் பிறப்பதும் உண்டு. மலேசியாவில் இந்தியக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை மற்ற இனத்தவரைவிடச் சற்றுக் குறைவு என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும், ஒரு குறிப்பிட்ட குழந்தை எந்த வகை என்பதை இனத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. அளந்து, தொடர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதல் சில நாள்கள்

இக்குழந்தைகளுக்கு உடலில் சேமிப்பு குறைவு. அதனால் முதல் இரண்டு மூன்று நாள்களில் ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கலாம். உடல் சூடும் விரைவில் குறையலாம். மருத்துவமனையில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, கை கால் நடுங்குவது, உடல் சில்லிட்டுப்போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பிறந்தது முதல் கவனிப்பவர் பச்சிளங்குழந்தை மருத்துவர் அல்லது பொதுக் குழந்தைநல மருத்துவர். 'மீண்டும் வரவும்' என்று அவர் தேதி கொடுத்திருந்தால் அந்தச் சந்திப்பைத் தவறவிடக் கூடாது. நிபுணர்களிடம் செல்லும் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு வயது என்ற கோடு

கிளினிக்கில் கொடுக்கும் குழந்தைச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றுக்கும் வளர்ச்சிக் கோடுகள் உண்டு. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் மூன்றும் குறிக்கப்படுகின்றனவா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். எடை ஏறினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நீளம்தான் உண்மையைச் சொல்லும். படுக்க வைத்து அளக்கும்போது குழந்தை நெளிந்தால் அளவு மாறிவிடும். சந்தேகம் இருந்தால் மீண்டும் அளக்கும்படி தாதியிடம் கேட்பதில் தவறில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவீட்டின்படி, இரண்டு வயதில் நிற்க வைத்து அளக்கும்போது ஆண் குழந்தை சுமார் 81 சென்டிமீட்டருக்கும், பெண் குழந்தை சுமார் 79 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அது கீழ்க்கோட்டுக்கு அடியில் இருக்கிறது. எஸ்.ஜி.ஏ. ஆகப் பிறந்த குழந்தை இரண்டு வயதிலும் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், நிபுணரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டிய நேரம் அதுதான். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வயதைக் கணக்கிடும்போது, எத்தனை வாரம் முன்கூட்டிப் பிறந்தார்களோ அத்தனை வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் சிலர் எட்டிப் பிடிக்க நான்கு வயது வரை ஆகலாம்.

இரண்டு வயது வரை காத்திருக்கக் கூடாத குழந்தைகளும் உண்டு. உடல் சிறுத்துத் தலை மட்டும் பெரிதாகத் தெரிவது, நெற்றி முன்தள்ளியிருப்பது, ஒரு பக்கக் கை கால் மறுபக்கத்தைவிடச் சிறுத்திருப்பது, பால் குடிக்கவே போராடுவது ஆகியவை சில்வர்-ரஸ்ஸல் என்ற அரிய மரபியல் நிலையின் அறிகுறிகளாக இருக்கலாம். பெண் குழந்தைக்குக் கழுத்தின் இரு பக்கமும் தோல் மடிந்திருப்பதும், பிறந்தபோது கை கால் வீங்கியிருப்பதும் டர்னர் நிலையைச் சுட்டலாம். இவற்றை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்த நிபுணர் எதற்கு?

பொதுக் குழந்தைநல மருத்துவர்: எல்லாவற்றுக்கும் மையம் இவர். வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்து, யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்பவர்.

குழந்தைகள் ஹார்மோன் நிபுணர்: உயரம் எட்டாத குழந்தைகளைப் பார்ப்பவர். ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறது, தைராய்டு சரியாக இருக்கிறதா, எலும்பின் வயது என்ன என்பதையெல்லாம் சோதிப்பார். பெற்றோரின் உயரத்தையும் கேட்பார். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, ஆண் குழந்தையானால் 13 சேர்த்து, பெண் குழந்தையானால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் உயரம் தோராயமாகக் கிடைக்கும். அப்பா 168, அம்மா 155 என்றால் மகனுக்கு 168, மகளுக்கு 155 சென்டிமீட்டர்.

மரபியல் நிபுணர்: முக அமைப்பிலோ உறுப்புகளிலோ மாற்றம் தெரிந்தால், அல்லது குடும்பத்தில் இதுபோல் வேறு குழந்தைகளும் இருந்தால்.

உணவியல் நிபுணர்: எடை ஏறாவிட்டாலும், அளவுக்கு மீறி ஏறினாலும்.

கண், காது, வளர்ச்சிநிலை மருத்துவர்கள்: மிகக் குறைந்த எடையிலோ குறைமாதத்திலோ பிறந்தவர்களுக்குக் கண்ணின் விழித்திரையையும் செவித்திறனையும் சோதிக்க வேண்டும். உட்காருவது, நடப்பது, பேசுவது தாமதமானால் வளர்ச்சிநிலை மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் தேவைப்படுவார்கள்.

பரிந்துரைக் கடிதம் பெறும் வழி

ஒரு காலத்தில் தோட்டத்து மக்களுக்கு முதல் கதவு டிரெஸ்ஸர். இன்று அந்த இடத்தில் அரசாங்கச் சுகாதார கிளினிக்கும் கிராமப்புற கிளினிக்கும் இருக்கின்றன. கிளினிக் தாதியிடம் தொடங்கி, மருத்துவ அதிகாரி, தேவைப்பட்டால் அங்குள்ள குடும்ப மருத்துவ நிபுணர், பிறகு மாவட்ட அல்லது மாநில மருத்துவமனையின் குழந்தைகள் சிறப்பு கிளினிக், அதன்பின் உட்பிரிவு நிபுணர் என்று படி ஏற வேண்டும்.

கவுண்டரில் கேட்க வேண்டியது 'சூராட் ருஜுக்கான்', அதாவது பரிந்துரைக் கடிதம். செல்ல வேண்டிய இடம் 'கிளினிக் பாக்கார் கானாக்-கானாக்'. சந்திப்பு நாள் 'தெமு ஜன்ஜி'. மருத்துவர் "பார்க்கலாம்" என்று சொன்னால், "எந்த மாதத்தில் மறுபடி அளப்பீர்கள், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் அனுப்புவீர்கள்?" என்று கேட்டு, பதிலைப் புத்தகத்திலேயே எழுதித் தரச் சொல்லலாம். அடுத்த முறை வேறு மருத்துவர் இருந்தாலும் அந்தக் குறிப்பு பேசும்.

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்; சிறப்பு கிளினிக்கில் 5 ரிங்கிட். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 ரிங்கிட். குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் குடிமகன் அல்லாதோருக்கான கட்டணம் கேட்கப்படலாம்; அது பல மடங்கு அதிகம். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிந்துவிட வேண்டும்.

நிபுணர்கள் இருக்கும் இடங்கள்

பொதுக் குழந்தைநல மருத்துவர்களும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் மாநிலத் தலைமை மருத்துவமனைகளில் உண்டு. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, சிரம்பான் துவாங்கு ஜாபார், ஜொகூர்பாரு சுல்தானா அமினா, பினாங்கு மருத்துவமனை ஆகியவை அவற்றுள் சில. குழந்தைகள் ஹார்மோன் நிபுணர்கள் எண்ணிக்கையில் குறைவு. புத்ராஜெயா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகியவற்றில் இத்துறை இயங்குகிறது. மரபியல் சோதனைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் பிரிவு முக்கிய இடம்.

தூரத்தில் இருப்பவர்கள், வருகை தரும் நிபுணர் தங்கள் மாநில மருத்துவமனைக்கு வருகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு நாள் சம்பளமும் பேருந்துச் செலவும் மிச்சமாகும். பயணச் செலவோ மருந்துச் செலவோ தாங்க முடியாதவர்கள் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை அணுகலாம். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அங்கே வழி சொல்வார்கள்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்வோர், அந்த மருத்துவரின் பெயர் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் இருக்கிறதா, எந்தத் துறையில் பதிந்திருக்கிறார் என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 'குழந்தைகளை வளர வைக்கும்' என்று விற்கப்படும் மாவுகளுக்கும் மாத்திரைகளுக்கும் பணத்தைக் கொட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

ஹார்மோன் ஊசி எல்லாருக்கும் இல்லை

எஸ்.ஜி.ஏ. ஆகப் பிறந்து, உயரம் எட்டாத குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட அமெரிக்கா 2001-இலும் ஐரோப்பா 2003-இலும் அனுமதி அளித்தன. அமெரிக்க அனுமதி இரண்டு வயதிலிருந்தும், ஐரோப்பிய அனுமதி நான்கு வயதிலிருந்தும் பொருந்தும். தினமும் இரவில், தோலுக்கு அடியில், பல ஆண்டுகள் போட வேண்டிய ஊசி அது. விலையும் அதிகம். யாருக்குப் பயன்படும் என்று ஹார்மோன் நிபுணர்தான் தீர்மானிக்க முடியும். எலும்பு முனைகள் மூடியபின் எந்த ஊசியும் உயரம் தராது. நேரத்தோடு போக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

அவசரப்பட்டு ஊட்ட வேண்டாம்

சிறிய குழந்தையைக் கொழுகொழுவென ஆக்க வேண்டும் என்ற ஆசையில் டின் பால், சீனித் தண்ணீர், அளவுக்கு மீறிய மாவுப் பால் கொடுப்பது பழைய பழக்கம். சீனி கலந்த டின் பாலைச் சிசுக்களுக்குக் கொடுப்பதை டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இலேயே சிங்கப்பூரில் பேசிய உரையில் கடுமையாகக் கண்டித்தார். எடை குறைந்து பிறந்து, பின்னர் வேகமாகக் கொழுப்பு ஏறும் குழந்தைகளுக்குப் பெரியவர்களானதும் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். இந்நாட்டின் முக்கிய இனங்களில் நீரிழிவு அதிகம் உள்ளவர்கள் இந்தியர்கள் என்று 2019 தேசியச் சுகாதார ஆய்வு காட்டியிருக்கிறது. தாய்ப்பால் முதன்மை, கூடுதல் பால், இரும்புச் சத்துச் சொட்டு மருந்து எதுவானாலும் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்.

சந்திப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

குழந்தைச் சுகாதாரப் புத்தகம், தாயின் கர்ப்பகாலப் புத்தகம், மருத்துவமனை கொடுத்த வெளியேற்றத் தாள், கர்ப்பகால ஸ்கேன் அறிக்கைகள், பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட், பரிந்துரைக் கடிதம், அப்பா, அம்மா இருவரின் உயரம், குழந்தை சாப்பிடும் மருந்துகளின் பெயர்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வீடு மாறும்போது இந்தப் புத்தகங்கள்தான் முதலில் தொலைகின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், புதிய கிளினிக்கில் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பிறந்த வாரம், பிறந்த எடை, பிறந்த நீளம் ஆகிய மூன்று எண்களையும் பெற்றோர் இருவரும் மனப்பாடமாக வைத்திருந்தால் இன்னும் நல்லது. நிபுணர் கேட்கும் முதல் கேள்விகள் அவையே.